ரசம் போன பழைய கண்ணாடியைக் காப்பாற்றுவது எப்படி?

ஓரம் கறுத்துவிட்டது என்பதற்காக நல்ல கண்ணாடியைத் தூக்கி எறியாதீர்கள். அதன் பின்னால் மெல்லிய வெள்ளிப் பூச்சும், அதைக் காக்கும் பெயின்டும் இருக்கின்றன. வெட்டிய விளிம்பு வழியாக ஈரம் புகுந்து வெள்ளியை அரிப்பதால்தான் கறுப்பு ஓரத்தில் தொடங்கி உள்ளே பரவுகிறது. கறுத்த இடம் மறுபடி பளபளக்காது, பரவுவதைத் தடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: நூறு வருடம் தாண்டிய கண்ணாடியின் பின்புறம் பெயின்ட் இல்லாமல் சாம்பல் நிறத்தில் மினுங்கினால், அது பாதரசம் கலந்த பூச்சாக இருக்கலாம். சுரண்டவே கூடாது.

தடித்த போர்வையில் கண்ணாடியைக் குப்புறப் போட்டு, கையுறையோடு சட்டத்தின் சிறு ஆணிகளைக் கட்டிங் பிளேயரால் பிடுங்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் நுனி சறுக்கிப் பெயின்டைக் கீறிவிடும். அந்தக் கீறல் பிறகு முகப்பில் கறுப்புக் கோடாகத் தெரியும்.

கறுப்பு அகலமாக இருந்தால் கண்ணாடிக் கடையில் ஓரத்தை வெட்டலாம். ஆனால் பழைய கண்ணாடி வெட்டும்போது உடையலாம், சரித்துத் தேய்த்த விளிம்பும் போய்விடும். அகலமான தேக்கு பீடிங் (ஓரத்தில் அடிக்கும் மரப்பட்டை) அடித்து மறைப்பதே மேல்.

இனி முக்கியமான வேலை. உரிந்து நிற்கும் பெயின்டை உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். உப்புத்தாள் போட்டால் நல்ல வெள்ளியும் சேர்ந்து போகும். ஒரு நாள் முழுக்கக் காற்றோட்டமாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு பூசினால் அரிப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். பிறகு எனாமல் பெயின்டை அரை அங்குல பிரஷ்ஷால், விளிம்பின் தடிமன் மீதும் பின்புறம் 2 செ.மீ. அகலத்துக்கும் மெல்லியதாகப் பூசுங்கள். 24 மணி நேரம் கழித்து இரண்டாவது கோட். என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டுக்கான கரைப்பான்) கலந்தால் பழைய பெயின்ட் கரைந்துவிடும்.

அது நன்றாகக் காய்ந்த பிறகே முகப்பைத் தொடுங்கள். உப்புத்தண்ணீர்க் கறைக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு. துணியை நனைத்துப் பிழிந்து, கறைமேல் ஐந்து நிமிடம் வைத்துத் துடைத்தால் போதும். விளிம்புக்கு வழிய விடாதீர்கள். நகம் தட்டுப்படும் கீறல் வீட்டுப் பாலிஷுக்குப் போகாது.

வீட்டிலேயே ரசம் பூசப் பார்க்காதீர்கள். வெள்ளி நைட்ரேட்டும் அம்மோனியாவும் கலந்த கரைசலை எடுத்து வைத்தால் வெடிக்கக்கூடிய பொருள் உருவாகும்.

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பிளைவுட் பூஞ்சை பிடித்திருந்தால் அதை மாற்றிவிட்டே சட்டத்தை மூடுங்கள். ஒட்ட சிலிகான் பசை வேண்டுமென்றால் வினிகர் வாடை அடிக்காத நியூட்ரல் வகை மட்டும். மற்றது வெள்ளியை அரிக்கும். சட்டத்தின் நான்கு மூலையிலும் பின்னால் 5 மி.மீ. ரப்பர் துண்டு ஒட்டி மாட்டுங்கள், சுவரின் ஈரம் ஏறாது.