சோற்றையும் பாணையும் குறைத்தவர்களுக்கு ஒரு கிளாஸ் வைன்: கணக்குப் பார்க்கும் முறை

பிட்டு, இடியப்பம், பாண் எல்லாவற்றையும் ஒதுக்கி, நாளொன்றுக்கு 50 கிராம் காபோவைதரேற்று என்று எண்ணிச் சாப்பிடுகிறீர்கள். நத்தார் இரவில் யாரோ ஒரு கிளாஸ் வைனை நீட்டுகிறார்கள். வாங்கலாமா? இதுவரை குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டாம். எப்போதாவது குடிப்பவருக்குத்தான் இந்த விளக்கம்.

படி 1: மருந்துப் பெட்டியைப் பாருங்கள்

இன்சுலின் போடுபவரோ சலரோகத்துக்கு மாத்திரை எடுப்பவரோ என்றால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மதுசாரம் உள்ளே போனதும் ஈரல் அதை எரிப்பதற்கே முதலிடம் கொடுக்கிறது. புதிதாகக் குளுக்கோசு செய்யும் வேலை மந்தமாகிறது. சோறும் இல்லாத வயிறு என்றால், நடுச்சாமத்தில் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது.

படி 2: போத்தலில் உள்ள சொல்லைப் படியுங்கள்

முந்திரிகைச் சாற்றில் உள்ள சீனியை மதுவம் (ஈஸ்ட்) தின்று மதுசாரமாக்குகிறது. தின்றது போக மிஞ்சுவதுதான் நமக்குக் கணக்கு. சிவப்பா வெள்ளையா என்பது இதில் எதையும் சொல்லாது. ஐரோப்பிய விதிப்படி ‘டிரை’ என்றால் லீற்றருக்கு 4 கிராம் வரை, புளிப்புக் கூடிய வைனில் 9 கிராம் வரை சீனி இருக்கலாம். 45 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் அது ‘ஸ்வீட்’.

நுரைக்கும் வைனில்தான் நான் ஏமாந்தேன். கனடாவிலிருந்து வந்த அத்தான் கொண்டுவந்த போத்தலில் ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று இருந்தது. இதைவிடச் சீனி குறைந்தது இருக்காது என்று நம்பி இரண்டு கிளாஸ் குடித்தேன். நுரைக்கும் வகையில் அந்தச் சொல்லுக்கு லீற்றருக்கு 12 முதல் 17 கிராம் என்று பொருள். ‘புரூட்’ என்று எழுதியதில் அதைவிடக் குறைவு. பெயர் வைத்தவர்களுக்கு என்ன கோபமோ தெரியாது.

படி 3: பெருக்குங்கள்

ஒரு கிளாஸ் 150 மில்லிலீற்றர். லீற்றர்க் கணக்கை 0.15 ஆல் பெருக்கினால் போதும். 4 கிராம் வைனில் 0.6 கிராம் சீனி. 100 கிராம் உள்ள இனிப்பு வைனில் 15 கிராம். உணவு அட்டவணைகள் ஒரு கிளாஸ் டிரை வைனுக்கும் 4 கிராம் அளவில் காபோவைதரேற்று காட்டும். சீனி அல்லாத கிளிசரோல் போன்றவையும் அதில் சேர்வதால் அப்படி. பாதுகாப்பாக அந்த 4 கிராமையே எழுதிக்கொள்ளுங்கள். எடை குறைப்பதுதான் நோக்கம் என்றால் இன்னொன்றையும் எழுத வேண்டும்: 13 சதவீத வைனில் ஒரு கிளாஸுக்கு ஏறத்தாழ 15 கிராம் மதுசாரம், கிராமுக்கு 7 கலோரி.

படி 4: கிளாஸை அளங்கள்

மருமகளின் பால் போத்தலை எடுத்தேன். அதில் மில்லிலீற்றர்க் கோடுகள் உண்டு. வழக்கமாக வைன் ஊற்றும் உயரம்வரை கிளாஸில் தண்ணீர் ஊற்றி, அதைப் பால் போத்தலில் கவிழ்த்துப் பார்த்தால் 240. ஒரு கிளாஸ் என்று நான் சொல்லிவந்தது ஒன்றரைக்கும் மேல்! பிறகு சரியாக 150 அளந்து ஊற்றி, தண்ணீர் நின்ற இடத்தில் கிளாஸின் வெளிப்புறம் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். குசினி அலுமாரியில் அந்தக் கிளாஸ் இன்னும் இருக்கிறது.

படி 5: தட்டு

மிக்சரும் மரவள்ளிப் பொரியலும் வைனைவிடக் கூடுதலான மாப்பொருளை உள்ளே அனுப்பும். பொரித்த இறால், கணவாய், நண்டு போதும். வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள்; சோற்றை விட்டவர்களுக்கு வழக்கத்தைவிட விரைவில் தலை சுற்றலாம்.

கணக்குக்குள் வராதவையும் நம் ஊரில் உண்டு. பனங்கள்ளு காலையில் இனிக்கும், மாலையில் புளிக்கும். முட்டிக்குள் நொதித்தல் நடந்துகொண்டே இருப்பதால் எந்த நேரத்துக்கு எவ்வளவு சீனி என்று எழுத முடியாது. யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமத்தின் நெல்லி ரசம் மது அல்ல என்பதால் தாராளமாக ஊற்றிக்கொள்கிறார்கள், அது சீனிப் பாகு சேர்ந்த பானம். வீட்டு வைன் இன்னும் சிக்கல். மாமியிடம் எவ்வளவு சீனி போடுகிறீர்கள் என்று கேட்டேன். “இனிக்கும் மட்டும், தம்பி” என்றார். அதில் ஒரு மேசைக்கரண்டி வாங்கி, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளாஸைக் கழுவி வைத்துவிடுவேன்.