ஏற்காட்டு வீட்டைப் பூட்டும் முன் இன்வெர்ட்டர் பேட்டரியைத் தயார் செய்வது எப்படி?

மே மாதக் கூட்டம் ஓய்ந்ததும் ஏற்காட்டு வீட்டைப் பூட்டிவிட்டுச் சேலம் இறங்கினால், பலர் மறுபடி மலையேற மாதக்கணக்கில் ஆகும். போய்ப் பார்த்தால் பேட்டரி செத்துக் கிடக்கும். பழி குளிர் மேல் விழும். ஆனால் பாதி சார்ஜில் விட்டுப் போனதுதான் உண்மையான காரணம். சார்ஜ் இறங்கிக் கிடக்கும் பேட்டரியில் ஈய சல்பேட் பிளேட்டின் மேல் கெட்டிப் படிகமாக இறுகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய பேக்கப் வராது.

பேட்டரியைக் கீழே கொண்டுவர வேண்டாம். 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர், கொள்ளளவின் அளவு) ட்யூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும். 20 கொண்டை ஊசி வளைவிலும் ஆடிக்கொண்டே வந்தால் ஆசிட் சிந்தும். தவிர, வெப்பம் 10 டிகிரி கூடினால் சும்மா இருக்கும்போதே சார்ஜ் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சேலத்து வெயிலைவிட மலைக்குளிரே பேட்டரிக்கு நல்லது.

முதலில் முழு சார்ஜ். கிளம்புவதற்கு முந்தைய நாளே போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஹைட்ரஜன் வாயு வெளிவரும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

சார்ஜ் ஏறிய பிறகு டிஸ்டில்டு வாட்டர். மிதவை மேல் கோட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். முன்கூட்டியே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும், அது முங்கும் அளவு முதலிலேயே ஊற்றலாம். ஊற்றுத் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆசிட் சேர்க்கவே கூடாது.

அடுத்து கழற்றுவது. மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, முதலில் கறுப்பு ஒயர், பிறகு சிவப்பு. மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். ஸ்பேனர் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஒயர் மாட்டும் முனைகளான இரண்டு டெர்மினலையும் ஸ்பேனர் ஒருசேரத் தொட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். 'ஸ்விட்சை அணைத்தால் போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. மறந்து ஆனில் விட்ட இன்வெர்ட்டர், லோடே இல்லாமல் 1 ஆம்பியர் இழுத்தால்கூட நாளுக்கு 24 ஏ.ஹெச். போகும். நீண்ட மின்வெட்டு வந்தால் ஒரு வாரத்துக்குள் பேட்டரி காலி.

மலை ஈரத்தில் டெர்மினல் சீக்கிரம் பூத்துவிடும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா கரைத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். வெள்ளைப் பூவும் பச்சைக் கசிவும் சுருசுருவென நுரைத்துக் கரையும். நுரை அடங்கும்வரை தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்து, வாசலின் பூசுங்கள். அப்போது செல் மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும். சோடா உள்ளே போனால் ஆசிட் கெட்டுவிடும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மல்ட்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிம்மதி. 12.4-க்கு இறங்கியிருந்தால் அன்றே சார்ஜ் போடுங்கள். 12.2 என்றால் பாதி போய்விட்டது. சார்ஜை நிறுத்திய கையோடு அளந்தால் அளவு பொய்யாகக் கூடிக்காட்டும். ஒரு ராத்திரி விட்டு அளந்தால்தான் சரியாக இருக்கும்.