டைஸைக் குறை சொல்வதற்கு முன்: குட்டிப்படைப் போட்டிகளில் திரும்பத் திரும்பச் செய்யும் பிழைகள்

மொடல் என்று நாங்கள் சொல்லும் சின்னப் பொம்மை வீரர்களை மேசையில் படையாக நிறுத்தி, டைஸ் உருட்டி மோதவிடும் விளையாட்டுத்தான் குட்டிப்படை. ஆட்டம் முடிந்து கை கொடுத்துவிட்டு வெளியே வருகிறவரிடம் "என்ன மாதிரிப் போச்சுது?" என்று கேட்டால் முதல் பதில் பெரும்பாலும் டைஸைப் பற்றித்தான் இருக்கும். சார்ஜ் (எதிரிமேல் பாய்வது) விழவில்லை, எனக்கு ஒன்றும் இரண்டுமாக விழுந்தது, அவருக்கு ஆறு ஆறாக விழுந்தது. நானும் இரண்டு வருடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றையும் அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன், எந்த இடத்தில் கை நழுவியது என்று மட்டும். இப்போது அந்தக் கொப்பியைப் புரட்டினால் டைஸ் தோற்கடித்த ஆட்டங்கள் மிகக் குறைவு. நேரம் போதாமல் தோற்றது, இலக்கை விட்டுவிட்டுச் சண்டைக்கு ஓடியதால் தோற்றது, வாயைத் திறந்து கேட்காததால் தோற்றது, பக்கம் பக்கமாக இவைதான் இருக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் இதை ஆடுகிறவர்கள் நிறையப் பேர் இல்லை. திருநெல்வேலியில் ஒரு நண்பர் வீட்டு விறாந்தையில் கூடுகிறோம். 8க்கு 4 அடிப் பிளைவூட் பலகையில் 60க்கு 44 அங்குலம் வெட்டியெடுத்தால் மேசை தயார், இடிந்த கோபுரங்களும் மதில்களும் ரெஜிபோமில் வெட்டி ஒட்டியவை, மொடல்களில் பாதி கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த சொந்தக்காரர்களின் பெட்டிகளில் உடுப்புகளுக்கு நடுவே வந்தவை. ஆடுவது ஏஜ் ஒஃப் சிக்மார். பிரிட்டனின் கேம்ஸ் வேர்க்ஷொப் 1983இல் வெளியிட்ட வோர்ஹாமரின் வழியில் 2015இல் வந்தது இது, 2024இல் நான்காம் பதிப்பு வந்தது. ஒரே நாலைந்து பேருடன் திரும்பத் திரும்ப ஆடுவதால் எங்களுக்குச் சில பழக்கங்கள் ஊறிவிடுகின்றன. வீட்டில் அவை பிழையாகத் தெரியாது. போட்டிக்குப் போன பிறகுதான் சுடும்.

முதலில் நேரம். என் கொப்பியில் அதிகம் எழுதப்பட்ட சொல் அதுதான்.

ஒரு ஆட்டத்துக்கு இரண்டரை மணித்தியாலம் தருகிறார்கள் என்று வையுங்கள், அதாவது 150 நிமிடம். படையை இறக்கி, மேசையைப் பற்றிக் கதைத்து முடிக்க 20 நிமிடம் போய்விடும். மிச்சம் 130. ஐந்து சுற்று, சுற்றுக்கு இருவருக்கும் ஒவ்வொரு முறை, ஆக மொத்தம் பத்து முறை. ஒரு முறைக்கு 13 நிமிடம்தான். விறாந்தையில் ஆடும்போது தேத்தண்ணி குடித்து, கதைத்து, ஒரு முறைக்கு அரை மணித்தியாலம் எடுக்கிறோம், யாரும் கேட்பதில்லை. கொழும்பில் நான் போன முதல் போட்டியில் மூன்றாம் சுற்று முடியும்போது நேரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். என் படையின் பெரும்பகுதி மேசையில் அப்படியே நின்றது, இன்னும் இரண்டு சுற்று இருந்திருந்தால் வென்றிருப்பேன் என்று இப்போதும் நம்புகிறேன், ஆனால் அந்த நொடியில் புள்ளியில் அவர்தான் முன்னால். அந்த நேரத்தைச் சாப்பிட்டது பெரும்பாலும் நான்தான். எதிராளியின் நேரத்தையும் சேர்த்துச் சாப்பிட்டேன் என்பது அதைவிடப் பெரிய பிழை, ஏனென்றால் அவரும் பயணம் செய்து, காசு கட்டி ஆட வந்தவர்.

நிமிடங்கள் எங்கே போகின்றன என்று பார்த்தால் ஒன்றும் பெரிய விஷயங்களில் இல்லை. சொந்தப் படையின் விதியைத் தேடி ஃபோனைத் தட்டுவது, இருபது மொடல்களை ஒவ்வொன்றாக அளந்து நகர்த்துவது, 23 டைஸ் எண்ணி எடுப்பது, தன் முறை வந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குவது. இவற்றில் மினக்கெடாமல் இருந்தாலே போதும். படையில் ஒன்றாக நகரும் ஒவ்வொரு அணிக்கும் ஒரு சின்ன அட்டை எழுதுங்கள்: எவ்வளவு தூரம் போகும், எத்தனை தடவை அடிக்கும், டைஸ் எத்தனைக்கு மேல் விழவேண்டும், என்ன விசேஷ விதி. டைஸைப் பத்துப் பத்தாக ஒரே நிறத்தில் பிரித்து வையுங்கள். பெரிய அணி என்றால் முன்வரிசையை மட்டும் அளந்து வைத்துவிட்டு மற்றவற்றைப் பின்னால் சேருங்கள், பின்னுக்கு நிற்பவை அரை அங்குலம் குறைவாகப் போனால் உலகம் அழியாது. எதிராளி நகர்த்தும்போதே உங்கள் அடுத்த முறையை யோசியுங்கள். மன்ரிக் நிறுவனத்தின் கிங்ஸ் ஒஃப் வோர் போட்டிகளில் சதுரங்க மணிக்கூடு வைத்து ஆடுவது வழக்கம், அதே மணிக்கூட்டை வீட்டுப் பயிற்சிக்கு வைத்துப் பாருங்கள், இரண்டு வாரத்தில் கை தானாகக் கெதியாகிவிடும். முதல் போட்டிக்கு நூற்றுக்கு மேல் மொடல் உள்ள படையைக் கொண்டு போகவும் வேண்டாம். அது நல்ல படையாக இருக்கலாம், ஆனால் நீங்கள் அதை 13 நிமிடத்தில் நகர்த்த மாட்டீர்கள்.

அடுத்தது இலக்கு. புதியவர்கள் எல்லோரும் எதிரியின் பெரிய பூதத்தைக் கொல்லத்தான் ஓடுகிறார்கள், அது விளங்குகிறது, அவ்வளவு மாதமாக நிறம் தீட்டிய டிராகனைச் சண்டையில் பார்க்கத்தானே ஆசை. ஆனால் புள்ளி பெரும்பாலும் வருவது மேசையில் குறித்து வைத்த இடங்களை, அதாவது இலக்குகளை, பிடித்து வைத்திருப்பதால், அதுவும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக. இலக்கு யாருடையது என்பது அதைச் சுற்றி நிற்கும் மொடல்களின் கட்டுப்பாட்டு எண்களைக் கூட்டிப் பார்த்துத்தான். கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இது உடனே பிடிபடும். எவ்வளவு பலசாலி என்பதல்ல அங்கே கணக்கு, கோடு கோடாகத் தாண்டிப் போய் வந்தாயா என்பதுதான். ஒரு மூலையில் மலிவான பத்துப் பேர் சும்மா நின்று ஐந்து சுற்றும் புள்ளி எடுப்பார்கள், நடுவில் உங்கள் வீரர்கள் கவிதை எழுதும் அளவுக்குச் சண்டை போட்டுச் சாவார்கள், கடைசியில் வெல்வது மூலையில் நின்றவர்கள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் "இந்த முறை எனக்கு எங்கிருந்து புள்ளி வரும், அடுத்த முறை அவருக்கு எங்கிருந்து வரும்" என்ற இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிறகு மொடலில் கை வையுங்கள்.

இந்த விளையாட்டில் இன்னொரு பொறி உண்டு. இரண்டாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் டைஸ் உருட்டி, யார் முதலில் ஆடுவது என்பதை வென்றவர் தீர்மானிக்கிறார். போன சுற்றில் இரண்டாவதாக ஆடியவர் இந்தச் சுற்றில் முதலாவதாக வந்தால் அவருக்குத் தொடர்ந்து இரண்டு முறை. நடுவில் உங்களால் ஒன்றும் நகர்த்த முடியாது. "அப்படி விழாது" என்று நம்பி ஹீரோவையும் பீரங்கியையும் வெளியே விட்டால், விழுந்த அன்று ஆட்டம் முடிந்தது. கிட்டத்தட்டப் பாதித் தடவை அது விழும், ஆகவே விழும் என்று வைத்துத்தான் நிற்கவேண்டும். மலிவான ஒரு அணியை முன்னால் பரப்பி நிறுத்துங்கள், எதிரி முதல் முறையில் அதைத்தான் அடிக்கமுடியும், உங்கள் முக்கியமானவர்கள் அதற்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்கட்டும். இடைவெளி விடாமல் ஒட்டி நிறுத்தினால் முன்னணியை அடிக்க வந்தவனே பின்னால் நிற்பவர்களையும் அடிப்பான். நான்காம் பதிப்பில் சண்டை எட்டும் தூரம் 3 அங்குலம், அதை மறக்கவேண்டாம்.

சரி, டைஸுக்கே வருவோம். டைஸில் அதிர்ஷ்டம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் "சார்ஜ் விழவில்லை" என்று சொல்கிறவர் எத்தனை அங்குலத்துக்கு உருட்டினார் என்று கேளுங்கள். சார்ஜில் இரண்டு டைஸின் கூட்டுத்தொகைதான் பாயும் அங்குலம். அதில் 7 அல்லது அதற்கு மேல் விழ 36இல் 21 வழி, அதாவது 58 வீதம். 8 என்றால் 15 வழி. 9 என்றால் 10 வழிதான், 28 வீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. வானத்திலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ எதிரிக்கு 9 அங்குலத்துக்கு அப்பால் வந்து இறங்கும் அணி உடனே சார்ஜ் செய்ய இந்த 9தான் வேண்டும். கட்டளைப் புள்ளி (இது வெற்றிப் புள்ளி அல்ல, விசேஷக் கட்டளைகளுக்குச் செலவழிப்பது) செலவழித்து மறுபடி உருட்டினாலும் 48 வீதத்தை எட்டாது. நாணயம் சுண்டுவதைவிட மோசமான ஒன்றில் ஆட்டம் முழுவதையும் கட்டி வைத்துவிட்டு, விழாதபோது டைஸைத் திட்டுவது நியாயமில்லை. தாயம் ஆடும் அம்மம்மாவுக்குக்கூடத் தெரியும், தாயம் விழுந்தால்தான் காய் பிழைக்கும் என்ற நிலைக்குக் காயைக் கொண்டுபோய் வைக்கக்கூடாதென்று.

வாயைத் திறப்பது பற்றி. எங்கள் பெடியளுக்கு இது பெரிய கரைச்சல். எதிரில் நிற்பவர் வயதில் மூத்தவர், முன்பின் தெரியாதவர், ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ கதைக்கிறார் என்றவுடன் நாங்கள் மௌனமாக மொடலை நகர்த்தத் தொடங்கிவிடுகிறோம். அது மரியாதை போலத் தோன்றும், உண்மையில் சண்டைக்கு விதை அதுதான். "அண்ணா, இந்த அணியை உங்கள் குதிரைகளிலிருந்து 9 அங்குலத்துக்கு அப்பால் நிறுத்துகிறேன், அளந்து பார்ப்போமா?" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அவர் ஓம் என்றால் பிறகு யாரோ மேசையில் முட்டி மொடல் கால் அங்குலம் அரக்கினாலும் பிரச்சினை இல்லை, என்ன நினைத்து வைத்தீர்கள் என்பது இருவருக்கும் தெரியும். ஆட்டம் தொடங்க முன்னரே இந்த மதிலுக்குப் பின்னால் நின்றால் பார்வை மறையுமா, இந்த மரங்களுக்கு என்ன விதி, சரிந்து நிற்கும் டைஸை மறுபடி உருட்டுவதா என்று கதைத்துவிடுங்கள். எதிராளியின் படை தெரியாததாக இருந்தால் "உங்கள் படையில் நான் பயப்படவேண்டியது எது?" என்று நேரே கேளுங்கள். நான் கேட்ட ஒருவர்கூடச் சொல்ல மறுத்ததில்லை. கருத்து வேறுபாடு வந்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் வாதாடாமல் நடுவரைக் கூப்பிடுங்கள், நடுவரைக் கூப்பிடுவது எதிராளியைக் கள்ளன் என்று சொல்வதாகாது.

அளப்பதில் ஒரு பிழை, தெரியாமலே நடப்பது. மொடல் நிற்கும் தட்டான பேஸின் முன்விளிம்பிலிருந்து 6 அங்குலம் அளந்து, அந்தக் கோட்டுக்கு அப்பால் முழு பேஸையும் வைத்துவிடுவது. முன்விளிம்பிலிருந்து முன்விளிம்புவரைதான் கணக்கு. 32 மில்லிமீற்றர் பேஸ் என்றால் ஒவ்வொரு நகர்விலும் ஒன்றேகால் அங்குலம் களவாகப் போகிறது, வேண்டுமென்று செய்யாவிட்டாலும் எதிரே நிற்பவர் கண்ணுக்கு அது அப்படித்தான் தெரியும். தையற்காரரின் அளவுநாடா கொண்டு வருகிறவர்கள் அங்குலப் பக்கம் மேலே இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

மொடல்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஏ9 வீதியில் இரவு பஸ்ஸில் ஒரு படையைக் கொழும்புவரை கொண்டுபோவது லேசான காரியம் இல்லை. பஞ்சு வைத்த பெட்டியில் ஈட்டிகள் சிக்கி உடையும். பேஸின் அடியில் சின்னக் காந்தம் ஒட்டி, தகர பிஸ்கட் ரின்னில் நிறுத்திக் கொண்டுபோனால் ஒன்றும் அசையாது, இதைவிட மலிவான வழி நான் பார்க்கவில்லை. பிளாஸ்ரிக் மொடலைப் பிளாஸ்ரிக் சிமெந்தால் ஒட்டுங்கள், அது இரண்டு பக்கத்தையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். சுப்பர் குளூ குலுக்கத்தில் பட்டென்று விடும். ரெசினில் செய்த வாள்கள் மத்தியான வெயிலில் மூடிய வாகனத்துக்குள் வளைந்துவிடும், வளைந்தால் சுடுதண்ணீரில் தோய்த்து நிமிர்த்தலாம். கடைசி நாள் வார்னிஷ் அடிக்கவே கூடாது, அதுவும் ஐப்பசி கார்த்திகை மாரியில். காற்றில் ஈரம் இருந்தால் மங்கல் வார்னிஷ் ஸ்ப்ரே வெள்ளையாகப் பூத்துவிடும், மூன்று மாத வேலை ஒரு நிமிடத்தில் பனிமூட்டத்துக்குள் போய்விடும். எனக்குப் பன்னிரண்டு வீரர்கள் அப்படிப் போனார்கள்.

பல போட்டிகளில் படை முழுவதும் நிறம் தீட்டியிருக்கவேண்டும், பேஸும் சரியான அளவில் இருக்கவேண்டும். முப்பரிமாண அச்சு மொடல்களைச் சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் மாட்டார்கள். இங்கே கடையில் வாங்க வழியில்லாததால் எங்களில் பலர் அச்சு மொடல்தான் வைத்திருக்கிறோம், ஆகவே பஸ் ரிக்கற் எடுக்க முன்னரே ஏற்பாட்டாளரிடம் படம் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

லிஸ்ற், அதாவது ஒவ்வொரு அணிக்கும் உள்ள பொயின்ற் விலையைக் கூட்டி எழுதும் படைப்பட்டியல், அந்த விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன்: எங்கோ வென்ற ஒருவரின் 2000 பொயின்ற் லிஸ்ற்றைப் பார்த்தெழுதிக்கொண்டு போகாதீர்கள். அவர் அதை ஐம்பது ஆட்டம் ஆடியிருப்பார். உங்கள் கையில் இருக்கும் சாதாரணப் படையைப் பத்து ஆட்டம் ஆடிப் பழகினால் அது அதைவிடப் பயன்படும். பொயின்ற் விலைகள் இடையிடையே மாறும், எந்தத் திகதிவரை வந்த மாற்றங்கள் செல்லும் என்று போட்டி அறிவிப்பில் இருக்கும், அதைப் பார்த்துத் திருத்தி, தாளில் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். ஃபோன் பற்றறி மூன்றாம் ஆட்டத்தில் தவறாமல் சாகும். காலையில் பாணும் சம்பலுமாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டு போங்கள்.

முதல் ஆட்டம் தோற்றவுடன் சாமானைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இங்கே சதுரங்கம் ஆடிய பிள்ளைகளுக்குச் சுவிஸ் முறை தெரியும்: முதல் ஆட்டத்துக்குப் பிறகு வென்றவரோடு வென்றவர், தோற்றவரோடு தோற்றவர் என்று சேர்ப்பார்கள். முதல் ஆட்டம் தோற்றால் அடுத்தது உங்கள் மட்டத்தில் உள்ள ஒருவர்தான் வருவார், அன்றைய நாளின் நல்ல ஆட்டம் பெரும்பாலும் அதுதான். நீங்கள் இடையில் போனால் இன்னொருவர் எதிராளி இல்லாமல் மேசையில் தனியாக இருக்கவேண்டி வரும். என் முதல் போட்டியில் மூன்று ஆட்டமும் தோற்றேன். மூன்றாவது ஆட்டத்தில் எதிரே இருந்த அண்ணாதான், ஆட்டம் முடிந்த பிறகு பத்து நிமிடம் இருந்து, இரண்டாம் சுற்றில் நான் இலக்கை விட்டு நகர்ந்த இடத்தை மொடல்களைத் திரும்ப வைத்துக் காட்டித் தந்தார். கொப்பியின் முதல் பக்கத்தில் இருப்பது அவர் சொன்னதுதான்.