பிசிஎல்-ஆர் ஸ்கோர் போடப் போறீங்களா? மொதல்ல ஃபைல படிங்க

கைதி வெளிய போனா திரும்பவும் குற்றம் பண்ணுவாரான்னு கணிக்க கனடா, அமெரிக்காவுல ரொம்ப நாளா பிசிஎல்-ஆர் (சைக்கோபதி, அதாவது ஈவு இரக்கமோ குற்ற உணர்ச்சியோ இல்லாத குணம், ஒருத்தர்கிட்ட எவ்ளோ இருக்குன்னு அளக்குற செக்லிஸ்ட்) யூஸ் பண்றாங்க. கனடாக்காரர் ராபர்ட் ஹேர் உருவாக்குனது, 1991-ல வந்துச்சு, 2003-ல ரெண்டாவது எடிஷன். 20 ஐட்டம், ஒவ்வொண்ணுக்கும் 0, 1 இல்ல 2, ஆக மொத்தம் 40. ட்ரெயினிங் எடுக்காம இத தொடாதீங்க.

இன்டர்வியூக்கு முன்னாடியே போலீஸ் ரிப்போர்ட், கோர்ட் தீர்ப்பு, பரோல் ரெக்கார்ட், ஸ்கூல் பேப்பர் எல்லாத்தையும் வாங்கி படிச்சுடுங்க, ஏன்னா கூசாம பொய் சொல்றதே இதுல ஒரு ஐட்டம், அவர் வாய நம்பி மட்டும் எப்படி மார்க் போடுவீங்க? ஃபைல் இல்லன்னா ஸ்கோரே போடக்கூடாது.

"நான் உழைச்சு தான் சார் சாப்பிட்டேன்"னு ஒருத்தர் சொல்றாருன்னு வைங்க. ஃபைல்ல பாத்தா எந்த வேலையிலயும் மூணு மாசம் தாண்டல. பொய்யின்னு மடக்காதீங்க, "அப்ப வீட்டு வாடகை யார் குடுத்தா?"ன்னு சாதாரணமா கேளுங்க. அம்மா, அப்புறம் கேர்ள்ஃபிரண்ட், அப்புறம் இன்னொருத்தின்னு பதில் வந்தா அடுத்தவங்க தலைல உக்காந்து சாப்பிடுற ஐட்டத்துக்கு விஷயம் கிடைச்சிருச்சு. ஆனா ஒரு தடவ நடந்தத வச்சு 2 போடாதீங்க, வாழ்க்க முழுக்க அப்படியான்னு பாக்கணும். கொல எவ்ளோ கொடூரமா இருந்தாலும் அந்த ஒண்ணுக்காக எல்லா ஐட்டத்துலயும் மார்க் ஏறக்கூடாது, புதுசா வர்றவங்க சறுக்குற எடம் இதான்.

சைக்கோபாத்னு சொல்ல வட அமெரிக்காவுல 30 கட்-ஆஃப், பிரிட்டன்ல 25 வச்சும் பாக்குறாங்க. ஆனா மூணு மார்க் வரைக்கும் முன்ன பின்ன ஆகுறது சகஜம், அதனால 29-க்கும் 31-க்கும் நடுவுல கோடு கிழிச்சு ஒருத்தர் தலையெழுத்த முடிவு பண்றது அநியாயம். முடிஞ்சா ரெண்டு பேர் தனித்தனியா போட்டு சராசரி எடுங்க. கோர்ட் கேஸ்ல எந்த தரப்பு காசு குடுக்குதோ அந்த பக்கமா ஸ்கோர் சாயுதுன்னு அமெரிக்காவுல ஆராய்ச்சியிலயே தெரிஞ்சிருக்கு.

மொத்த மார்க்க மட்டும் பாத்தா ஏமாந்துருவீங்க, ஐட்டமெல்லாம் ரெண்டு பாகமா இருக்கு. திரும்ப குற்றம் பண்றத ஓரளவு காட்டிக் குடுக்குறது அவசர புத்தி, பொறுப்பில்லாத்தனம், சின்ன வயசு சேட்ட, பழைய கேஸுங்க இருக்குற ரெண்டாவது பாகம் தான். மொத பாகத்துல இருக்குற தேன் ஒழுக பேசுறது, ஈவு இரக்கம் இல்லாதது எல்லாம் பாக்க பயமா இருக்கும், கணிக்க அவ்ளோ உதவாது.

ஸ்கோர் கம்மின்னா ஆபத்தில்லன்னும் எழுதிடாதீங்க. குடி, கூட்டாளிங்க, வெளிய போனா எங்க தங்குவாருன்னு பாக்க எச்சிஆர்-20 (வன்முறை ஆபத்த மதிப்பிடுற இன்னொரு கருவி) மாதிரி ஒண்ணையும் சேத்துக்கோங்க. ரிப்போர்ட்ல ரெண்டு பாகத்தோட மார்க்கையும் தனியா போட்டு, எந்த ஐட்டத்த ஏன் விட்டீங்கன்னும் எழுதிடுங்க.