துணி போல இருப்பதெல்லாம் துணிப்பை அல்ல: தெருவில் மாசைத் தடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஜவுளிக்கடையில், "துணிப்பைதாங்க, பிளாஸ்டிக் இல்ல" என்று பெருமையோடு ஒரு பையை நீட்டினார்கள். தடவினால் துணி மாதிரிதான் இருந்தது. ஓரத்தைப் பிய்த்துப் பார்த்தேன். நூல் பிரியவில்லை, பஞ்சு போலப் பிய்ந்து வந்தது. அது நெய்த துணியே அல்ல, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்களில் இந்தப் பையும் உண்டு, உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு. கடைக்காரர் நம்மை ஏமாற்றவில்லை. அவரும் துணியென்று நம்பித்தான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். பெயரை நம்பி மாற்றுப்பொருள் வாங்குவதுதான் நல்ல மனசுக்காரர்கள் செய்யும் முதல் தவறு. பையின் ஓரத்தைப் பிய்த்துப் பாருங்கள், கடைக்காரரிடமும் காட்டுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, "எப்படியும் லாரியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்" என்று குப்பையைப் பிரிக்காமல் விடுவது. ஒரு பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள். (முனையை முழுசாக வெட்டி எறியாமல், கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். தனியே விழும் சின்னத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது.) அதே கவர் சாம்பார் சாதத்தோடு ஒரு ராத்திரி ஊறிவிட்டால் அதற்கு விலை கிடையாது, அதோடு சேர்ந்த சாதமும் உரத்துக்கு ஆகாது. கிடங்கில் காற்றுப் படாமல் அமுங்கிக் கிடக்கும் ஈரக்குப்பையிலிருந்து மீத்தேன் கிளம்பும். அதில் தீப்பிடித்தால் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தே எரியும். சென்னை பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்ததைச் சுற்றியிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். நம் வாளிக்குள் கைவிடுவது தூய்மைப் பணியாளர்.

குப்பையை எரிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக்கும் டயரும் எரிந்து வரும் புகையில் நஞ்சு இருக்கிறது, குழந்தைகள் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாத அளவுக்குப் புகைமூட்டம் இருந்தது.

ஓட்டல், பலகாரக்கடை நடத்துபவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். அது சோற்றுப்பருக்கையோடு கெட்டியாகிக் குழாயை அடைக்கும், மழை வந்தால் அவர்கள் கடை வாசலிலேயே பொங்கும். அந்த எண்ணெயை டின்னில் சேர்த்தால் பயோடீசலுக்கு வாங்கிக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். கழிவுநீரை மழைநீர் வடிகாலில் இணைப்பதும் சிலருக்குச் சின்ன விஷயமாகத் தெரிகிறது. வடிகால் போய்ச் சேருவது சுத்திகரிப்பு நிலையத்துக்கு அல்ல, கூவத்துக்கும் அடையாற்றுக்கும்.

"தொழில் நிலைக்கட்டும், சுத்திகரிப்பைப் பிறகு பார்ப்போம்" என்பவர்கள் ஒருமுறை திருப்பூரை நினைத்துக்கொள்ள வேண்டும். நொய்யல் ஆற்றில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ப் பட்டறைகளின் சாயக்கழிவு தேங்கியது. அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் போராடினார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. முதலிலேயே செய்திருக்க வேண்டிய செலவு வேலையிழப்பாகவும் பாழான நிலமாகவும் திரும்பி வந்தது.

கடைசியாக, எங்கள் குடியிருப்போர் சங்கமே செய்த தவறு. பேப்பர் கப் வைத்திருந்த டீக்கடை அண்ணனிடம் "புகார் கொடுப்போம்" என்று மிரட்டினோம். கப்புகள் இரண்டு நாள் ஒளிந்திருந்தன, மூன்றாம் நாள் திரும்ப வந்தன. பிறகு ஒருநாள் நிதானமாக, "ஏண்ணே கண்ணாடி கிளாஸை விட்டுட்டீங்க?" என்று கேட்டபோதுதான், "கழுவத் தண்ணி ஏதுங்க எனக்கு?" என்றார். பக்கத்துக் குடியிருப்பின் வாசல் குழாயில் காலையும் மாலையும் இரண்டு குடம் பிடித்துக்கொள்ளச் சொன்னோம். இப்போது கிளாஸில்தான் டீ தருகிறார்.