வாட்டை விட டெசிபலே முக்கியம்
ஹார்லி டேவிட்சன் ஸ்ட்ரீட் கிளைடு போன்ற நெடுந்தூரப் பைக்குகளில் பாட்டு காற்றிரைச்சலில் அமுங்கிப்போனால், ஆம்ப்ளிஃபையர் வாங்கச் செலவழிக்கும் முன், முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டையும் உணர்திறன் கூடியவையாக மாற்றிப் பாருங்கள். பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட் எண், ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. விவரத்தாளில் உணர்திறன் என்று பொடி எழுத்தில் இருக்கும் டெசிபல் எண்தான், கொடுத்த மின்திறனில் எவ்வளவு சத்தம் வரும் என்பதைக் காட்டுகிறது. அது 3 டெசிபல் கூடினாலே ஆம்ப்ளிஃபையரின் திறனை இரட்டிப்பாக்கியதற்குச் சமம் என்பதால், 90 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்டில் தரும் சத்தத்தை 93 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டிலேயே தந்துவிடும். ஆனால் புதிய ஸ்பீக்கரின் ஓம் அளவு (மின்தடை) பழையதைவிடக் குறைந்தால் பைக்கின் ஆம்ப்ளிஃபையர் சூடேறிப் பழுதாகலாம், கட்டாயம் சரிபாருங்கள். ஆழமான பாஸை (தாழ்ந்த ஒலியை) எதிர்பார்ப்பவர்களுக்கும், ஹெல்மெட் ஹெட்செட்டில் கேட்பவர்களுக்கும் இந்த வழி பயன்படாது.