பிள்ளையின் தலையும் முகமும்: பொறுக்க வேண்டிய இடத்தில் அவசரம், ஓட வேண்டிய இடத்தில் அலட்சியம்

திருகோணமலையில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால், 31ஆம் நாள் துடக்குக் கழிவதற்குள் அதன் தலைக்கு நாலைந்து ஆலோசகர்கள் வந்துவிடுவார்கள். "தலை நீளமாக் கிடக்கு, எண்ணெய் வைச்சுப் பிடிச்சு விடு" என்பார் அப்பம்மா. மூக்கு சப்பை என்று குளிக்க வார்க்கும்போது இழுத்து விடுகிறவர்களும் உண்டு. அதே பிள்ளை 8 வயதில் இரவெல்லாம் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டால் ஒருவரும் கவனிப்பதில்லை. தலையெலும்பு, முகவெலும்பு விஷயத்தில் நாங்கள் விடும் தவறுகளில் பாதி இப்படி நேரம் மாறிப் போனவைதான்.

ஏனென்றால் இரண்டும் வளரும் காலம் வேறு. பிறக்கும்போது மூளையின் எடை வளர்ந்தவர் மூளையில் ஏறக்குறைய கால் பங்கு. 2 வயதில் அது முக்கால் பங்கைத் தாண்டும், 6 வயதளவில் 90 வீதத்தைத் தொடும். தலையோட்டின் மேற்பக்க எலும்புகளுக்குச் சொந்த அவசரம் எதுவும் கிடையாது. மூளை உள்ளிருந்து தள்ளத் தள்ள, எலும்புகளுக்கிடையே உள்ள பொருத்துகளில் புது எலும்பு சேர்ந்து விரிந்துகொடுக்கும். முகம் ஆறுதலாகத்தான் வரும். மூச்சு, சப்புதல், பல் முளைத்தல் எல்லாம் சேர்ந்து பதின்ம வயது முடியும்வரை அதை வளர்க்கின்றன. பிறந்த குழந்தையில் தலையோட்டுக்கும் முகத்துக்கும் உள்ள பரும விகிதம் சுமார் 8:1, வளர்ந்தவரில் அது கிட்டத்தட்ட 2:1. பச்சைக் குழந்தைக்கு நெற்றி பெரிதாகவும் நாடி இல்லாதது போலவும் தெரிவது இதனால்தான். கீழ்த்தாடையே அப்போது இரண்டு துண்டாக இருக்கும். முதல் வருடத்தில்தான் நடுவில் ஒட்டும்.

கிரகணத்தைக் குற்றம் சொல்வது

பிளந்த உதட்டோடு பிள்ளை பிறந்தால், கர்ப்பமாக இருந்தபோது தாய் கிரகணம் பார்த்தாள், கத்தி பிடித்தாள் என்று இன்னும் சொல்கிறார்கள். முகம் ஐந்து புடைப்புகளாகத் தொடங்கி ஒன்றோடொன்று ஒட்டி உருவாகிறது. மேலுதடு ஏறக்குறைய 7ஆவது வாரத்திலும் அண்ணம் 12ஆவது வாரத்துக்குள்ளும் பொருந்தி முடிந்துவிடும். கர்ப்பம் என்று ஊருக்குச் சொல்லுமுன்னரே உதட்டின் கதை முடிந்து போகிறது. ஏழாம் மாதத்தில் வந்த கிரகணம் அதைப் பிளக்க வழியே இல்லை. பரம்பரைக் காரணங்கள், சில மருந்துகள், தாய் புகைத்தல் போன்றவற்றுக்குத் தொடர்பு உண்டு. பல பிள்ளைகளில் ஒரு காரணத்தை மட்டும் சுட்டிக்காட்டவே முடியாது. தாயைக் குறை சொல்லிக் கழிக்கும் நேரத்தில் பாலூட்டும் முறையைக் கேட்டறிந்து, சத்திர சிகிச்சைக்குத் திகதி எடுப்பது நல்லது.

கையால் உருவம் பிடிப்பது

சாதாரணப் பிரசவத்தில் தலையெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறி, தலை நீண்டு வரும். அது சில நாட்களில் தானாகவே சரியாகும். அப்பம்மா பிடித்ததால்தான் உருண்டையானது என்ற பெயர் அவருக்குக் கிடைத்துவிடுகிறது! உச்சியில் தண்ணீர் கோத்தது போன்ற வீக்கம் இரண்டு மூன்று நாளில் வற்றும். எலும்புக்கும் அதன் மேல் சவ்வுக்கும் இடையே இரத்தம் தேங்கிய கட்டி என்றால் வாரக்கணக்கில் இருக்கும், சில நேரம் மாதமும் ஆகும். அதற்கு ஒத்தடம் கொடுப்பது, அமுக்குவது, குத்துவது எதுவுமே கூடாது. அந்த இரத்தம் கரையும்போது மஞ்சட்காமாலை கூடலாம் என்பதால் பிள்ளையின் கண்ணையும் தோலையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெய் தடவுவதற்காக வீட்டில் சண்டை பிடிக்கத் தேவையில்லை. மெதுவாகத் தடவட்டும், அழுத்தாமல் இருந்தால் போதும். மூக்குத்தான் எனக்குப் பயம். இழுத்தால் மூக்கு கூராகாது. அதன் வடிவம் பதின்ம வயதில்தான் முழுதாக வரும். ஆனால் மூக்குக்குள் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குப் போய் நியூமோனியாவாகலாம்.

உச்சிக்குழிக்குப் பயந்து கையே வைக்காமல் விடுவது

சிலர் உச்சிக்குழியைத் தொடவே மாட்டார்கள். அழுக்கும் செதிலும் அங்கே படிந்து கிடக்கும். வேறு சிலர் பச்சிலை அரைத்து அப்புவார்கள். உறுதியான சவ்வு அதை மூடியிருக்கிறது, சாதாரணமாகக் கழுவலாம். அது துடிப்பதும் இயல்புதான். பின்பக்கக் குழி இரண்டு மூன்று மாதத்தில் மூடும். முன்பக்கக் குழி பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் மூடும், சில பிள்ளைகளில் இரண்டு வயதுவரை போகும்.

பார்க்க வேண்டியது வேறு. வயிற்றோட்டத்தோடு குழி உள்ளே இறங்கினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. எங்கள் ஊர் வெக்கையில் இது விரைவாகவே நடக்கும். காய்ச்சலும் இருந்து, பிள்ளை அழாமல் நிமிர்ந்திருக்கும்போதும் குழி புடைத்து நின்றால், மூளை உறைக் காய்ச்சலாக இருக்கலாம்; மந்திரிக்கவோ நூல் கட்டவோ நேரமில்லை, உடனே ஆசுபத்திரி. இரண்டு வயதுக்குப் பிறகும் மூடாவிட்டால் தைரொய்ட் குறைபாடு, விற்றமின் டி குறைபாடு போன்றவற்றைத் தேட வேண்டும்.

குழி சீக்கிரம் மூடிவிட்டதே என்று பதறுகிறவர்களும் இருக்கிறார்கள். தலை வளர்ந்துகொண்டிருந்தால் அது மட்டும் நோயல்ல. வளர்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, அளவு நாடாவால்தான் சொல்லலாம். பிறக்கும்போது தலைச் சுற்றளவு சுமார் 35 சென்ரிமீற்றர், முதல் வருடத்தில் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் கூடும். கிளினிக்கில் நிறையை மட்டும் கேட்டுவிட்டு வருகிறோம். அடுத்த முறை குடும்பநல மாதுவிடம் தலைச் சுற்றளவையும் அளந்து எழுதித் தரக் கேளுங்கள். ஒரு முறை எடுத்த அளவால் பெரிய பயனில்லை, வரைகோடு எப்படிப் போகிறது என்பதே முக்கியம். கோடு ஒழுங்காகப் போய், தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தால் தகப்பனின் தலையையும் ஒருக்கா அளந்து பாருங்கள்.

தட்டைத் தலையையும் மூடிய பொருத்தையும் ஒன்றாக நினைப்பது

இந்த இடத்தில்தான் பொறுமையையும் அவசரத்தையும் சரியாகப் பிரிக்க வேண்டும்.

குழந்தையைக் குப்புறப் போடாமல் மல்லாக்காகப் படுக்க வைக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992இல் சொல்லத் தொடங்கிய பிறகு தூக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகள் வெகுவாகக் குறைந்தன. பின்தலை தட்டையான குழந்தைகள் கூடினார்கள். அது கொடுக்கக்கூடிய விலைதான். தட்டையைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் குப்புறப் படுக்க வைப்பதும், கடுகு நிரப்பிய தலையணை வைப்பதும் பெரிய தவறு. ஒரு வயதுக்கு முன் தலையணையே வேண்டாம். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்கையில், குப்புற விடுங்கள். படுக்கையில் தலைமாட்டை மாற்றி மாற்றிப் போடுங்கள். நாள் முழுக்க ஏணையிலேயே கிடத்தாமல் தூக்கி வைத்திருங்கள். எப்போதும் ஒரே பக்கம்தான் திரும்புகிறது என்றால் கழுத்துத் தசை இறுகியிருக்கிறதா என்று காட்டுங்கள்.

சுமார் 2000 முதல் 2500 பிறப்புகளுக்கு ஒரு குழந்தையில், எலும்புப் பொருத்து ஒன்று காலத்துக்கு முன்பே ஒட்டிவிடுகிறது. மூளையோ தள்ளிக்கொண்டே இருக்கும். திருவிழா நேரம் கோணேசர் கோயிலில் ஒரு வாசலைச் சாத்தினால் சனம் மற்ற வாசலில் நெருக்குவது போல, தலை திறந்திருக்கும் பக்கமாகத்தான் நீளும். உச்சியில் முன்பின்னாக ஓடும் பொருத்து ஒட்டினால் தலை ஒடுங்கி, வள்ளம் போல நீண்டு போகும். நெற்றிப் பொருத்து ஒட்டினால் நெற்றி முக்கோணமாகும். (நெற்றியில் மெல்லிய வரம்பு மட்டும் தட்டுப்பட்டால் பயமில்லை. அந்தப் பொருத்து முதல் வருடத்துக்குள்ளேயே மூடுவது வழக்கம்.)

வீட்டில் பார்க்க ஒரு வழி உண்டு. பிள்ளையின் தலையை மேலிருந்து பாருங்கள். தட்டையான பக்கத்துக் காதும் நெற்றியும் சற்று முன்னுக்குத் தள்ளி நின்றால் பெரும்பாலும் அது படுக்கையால் வந்தது, மாதங்கள் போகப் போகச் சீராகும். காது பின்னுக்கு இழுபட்டு, பொருத்தின் மேல் கட்டியான வரம்பு தட்டுப்பட்டு, நாட்போக்கில் கோணல் கூடினால் தாமதிக்கக் கூடாது. இதற்கான சத்திர சிகிச்சை முதல் வருடத்துக்குள் செய்தால்தான் நன்றாக அமையும். சிறு துளை வழியாகச் செய்யும் முறைக்கு 3, 4 மாத வயதே தோது. "வளர வளரச் சரியாயிடும்" என்று இரண்டாவது பிறந்தநாள் வரை காத்திருந்து வருகிற பிள்ளைகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இன்னொன்று. எக்ஸ்ரேயில் தெரியும் நெளிகோடுகளைப் பார்த்து மண்டை வெடித்துவிட்டது என்று அழுபவர்கள் இருக்கிறார்கள். அவை எலும்புப் பொருத்துகள், பழைய ஆட்கள் பிரம்மன் எழுதிய எழுத்து என்று சொன்ன அதே கோடுகள்தான். அவற்றில் பல 20 வயது தாண்டும்வரை திறந்தே இருக்கும்.

குறட்டையை நல்ல நித்திரை என்பது

மேல்தாடை அகலமாக வளர, வாய் மூடியிருந்து நாக்கு அண்ணத்தில் தங்குவது உதவுகிறது. மூக்கின் பின்பக்கம் உள்ள அடினொயிட் என்ற திசு வீங்கியோ ஒவ்வாமையாலோ மூக்கடைத்து, வருடக்கணக்கில் வாயால் மூச்சு விடும் பிள்ளையில் நாக்கு கீழே இறங்கிவிடும். அண்ணம் ஒடுங்கி உயரலாம், முகம் நீளலாம். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகும் என்றில்லை. ஆனாலும் தினமும் குறட்டை விடும் பிள்ளையைக் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். இரவில் வாய்க்கு ஒட்டு போடும் வீடியோக்களைப் பார்த்துப் பிள்ளையில் பரிசோதிக்க வேண்டாம்.

விரல் சூப்புவதும் சூப்பியும் 3, 4 வயதுக்குள் நின்றால் பெரும்பாலும் பாதிப்பில்லை. பாற்பல்லை மட்டும் "விழுகிற பல்தானே" என்று விடாதீர்கள். பின் பாற்பற்கள் 10 முதல் 12 வயதுவரை இருக்க வேண்டியவை. முன்னமே பிடுங்கினால் 6 வயதில் வந்த கடைவாய்ப்பல் முன்னுக்கு நகர்ந்து, அடுத்த பல்லின் இடத்தைப் பிடித்துவிடும்.

நாடியில் தையல் போட்டதோடு முடிந்தது என்பது

உட்துறைமுகப் பக்கம் சைக்கிள் ஓடி விழும் பிள்ளை, கடற்கரைக் கல்லில் வழுக்கும் பிள்ளை, பெரும்பாலும் நாடியைத்தான் கொண்டுபோய் இடிக்கும். இரத்தம் வருகிற இடத்தில் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அடி நாடியில் விழுந்தாலும் விசை காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டுக்குப் போகிறது. கீழ்த்தாடை வளர்வதில் முக்கிய பங்கு அந்த மூட்டு முனைக் குருத்தெலும்புக்குத்தான். அது உடைந்ததைக் கவனிக்காமல் விட்டால் மூட்டு இறுகி வாய் திறப்பது குறையலாம், ஒரு பக்கத் தாடை வளராமல் முகம் கோணலாம். இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் தெரியவும் வரும்.

ஆகவே தையல் போடும்போதே பாருங்கள்: வாய் முழுதாகத் திறக்கிறதா, திறக்கும்போது ஒரு பக்கம் சரிகிறதா, காதுக்கு முன்னால் நோகிறதா, பற்கள் முன்பு போலப் பொருந்துகின்றனவா. ஒன்றில் சந்தேகம் வந்தாலும் எக்ஸ்ரே கேளுங்கள். உடைந்திருந்தாலும் பிள்ளைகளில் பெரும்பாலும் வெட்டுக் கொத்து இல்லாமலே ஆறும். தாடையை நீண்ட நாள் கட்டி வைக்காமல், சொன்ன காலத்தில் வாய் அசைக்கும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். அதன் பிறகும் வளர்ச்சி முடியும்வரை இடைக்கிடை காட்ட வேண்டும்.

பதின்ம வயதில் தலைகீழ் அவசரம்

நாக்கை அண்ணத்தில் அழுத்தினால் தாடை கூராகும், ரப்பர் உருண்டை சப்பினால் முகம் அகலும் என்று போனில் ஓடுகிற கதைகளை நம்பி, ஏ.எல். படிக்கும் பெடியன்கள் கண்ணாடி முன் நிற்கிறார்கள். சப்பினால் தசை தடிக்கலாம். வளர்ந்து முடிந்த எலும்பு நகர்வதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை.

உண்மையில் எலும்பை அசைக்கக் கூடிய காலம் அதற்கு முந்தியது. ஒடுங்கிய மேல்தாடையை விரிக்கும் கருவி, அண்ணத்தின் நடுப் பொருத்து இறுகுவதற்கு முன், பருவமடையும் வயதுக்கு அண்மித்த காலத்திலோ அதற்கு முன்போதான் இலகுவாக வேலை செய்யும். அதனால் 7 வயதளவில் ஒருக்கா பல் சீரமைப்பு வைத்தியரிடம் காட்டுவது வீண் செலவல்ல. மாறாக, முன்னுக்குத் தள்ளிய கீழ்த்தாடையை வெட்டிச் சரிசெய்யும் சத்திர சிகிச்சைக்கு 15 வயதில் அவசரப்படக் கூடாது. ஆண் பிள்ளைகளில் கீழ்த்தாடை 18, 20 வயதுவரையும் வளரும். முன்னமே வெட்டினால் திரும்பவும் வளர்ந்து பழைய நிலைக்கு வரலாம். இங்கிருந்து பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகிறவர்கள், பக்கவாட்டில் எடுத்த பழைய தலை எக்ஸ்ரேக்களை எறியாமல் கையோடு கொண்டுபோக வேண்டும். முன்னையதையும் இப்போதையதையும் ஒப்பிட்டுத்தான் வளர்ச்சி நின்றுவிட்டதா என்று முடிவெடுப்பார்கள்.